இதயம் பலவீனமாக இருப்பவருக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யலாமா?

வந்திருக்கும் கேள்வி இது: "அண்ணனுக்கு வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 124 கிலோ. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலமானால் கால் வீங்குகிறது. ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்லி நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு டாக்டர், எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தால் இதயமும் தேறும் என்கிறார். இன்னொருவர், இந்த இதயத்தை வைத்துக்கொண்டு மயக்க மருந்தே கொடுக்கக் கூடாது என்கிறார். வீட்டில் எல்லோரும் வாயைக் கட்டினால் போதாதா என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

இரண்டு டாக்டர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆபரேஷனை எப்போது செய்வது என்பதில்தான் வேறுபாடு. மூச்சு வாங்கிக்கொண்டும் கால் வீங்கியும் இருக்கும் ஒருவரை அந்த நிலையிலேயே ஆபரேஷன் மேசையில் ஏற்றக் கூடாது. அதே மனிதருக்குச் சில மாதங்கள் சரியான மருந்து கொடுத்து, உடம்பில் தேங்கிய நீரை வடித்து, இதயத்தை நிலைப்படுத்திய பிறகு, "இதயம் வீக்" என்ற ஒரே காரணத்துக்காக இந்த சிகிச்சையை மறுப்பது நியாயமில்லை. வீட்டார் சொல்வது மட்டும் முழுத் தவறு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் அண்ணனின் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) கிட்டத்தட்ட 44. இந்த அளவுக்குப் போன எடையை மனவுறுதியால் மட்டும் இறக்கி, இறக்கிய இடத்திலேயே பல ஆண்டு நிறுத்தி வைப்பவர்கள் மிகக் குறைவு. எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டும். செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். குணக்கேடு என்று இதைச் சொல்ல முடியாது, உடலின் இயல்பே அப்படித்தான். அமெரிக்காவில் 'லுக் அஹெட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. சர்க்கரை நோயும் அதிக எடையும் உள்ள 5,145 பேரில் ஒரு பாதிக்கு உணவு, நடை, நேரடி ஆலோசனை என்று ஆண்டுக்கணக்கில் தீவிரமான உதவி கிடைத்தது. முதல் ஆண்டில் அவர்கள் சராசரியாக 8.6 சதவீதம் எடை இழந்தார்கள். ஆய்வின் முடிவில் அது 6 சதவீதமாகச் சுருங்கியது. சர்க்கரை, மூட்டு வலி, தூக்கம் எல்லாம் மேம்பட்டன. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை என்பதால் 2012இல் அந்தத் தலையீட்டை நிறுத்தினார்கள். அத்தனை உதவி கிடைத்தவர்களுக்கே இவ்வளவுதான் முடிந்தது என்றால், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரை வீட்டார் குத்திக்காட்டுவதால் என்ன நடந்துவிடும்? அவர் மறைவாகச் சாப்பிடப் பழகுவார். அவ்வளவுதான். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

எடை எப்படி இதயத்தைக் கெடுக்கிறது என்று சிறிது பார்ப்போம். கொழுப்பும் உயிருள்ள திசு. அதற்கும் ரத்தம் போய்ச் சேர வேண்டும். எடை கூடும்போது உடலின் மொத்த ரத்த அளவு கூடுகிறது. ஒவ்வொரு நிமிடமும் இதயம் தள்ள வேண்டிய அளவும் கூடுகிறது. இரண்டு குடித்தனத்துக்குப் போட்ட மோட்டாரை நான்கு குடித்தனத்துக்கு இரவும் பகலும் ஓட்டுவது போன்ற நிலை. இடது கீழறை முதலில் விரிகிறது, பிறகு சுவர் தடிக்கிறது, பிறகு விறைக்கிறது. விறைத்த அறை தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத் திணறும். அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகும். மூச்சு வாங்குவது அதனால்தான். இதோடு பிரஷர், சர்க்கரை, உப்பைப் பிடித்து வைக்கும் சிறுநீரகம், இதயத்தைச் சுற்றி நேரடியாகப் படியும் கொழுப்பு, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஃப்ராமிங்ஹாம் ஆய்வுக் குழு 5,881 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட முடிவு: பி.எம்.ஐ. ஒரு எண் கூடினால் இதயச் செயலிழப்பு (ஹார்ட் ஃபெயிலியர்) வரும் ஆபத்து ஆண்களுக்கு 5 சதவீதமும் பெண்களுக்கு 7 சதவீதமும் கூடுகிறது. பிரஷர், சர்க்கரை போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகு மிஞ்சும் ஆபத்து அது.

இனி உங்கள் அண்ணனின் எக்கோ ரிப்போர்ட்டை எடுங்கள். அதில் 'எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்' என்று ஒரு எண் இருக்கும். இடது கீழறை தன்னிடம் நிறையும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது என்பதே அது. நம் ஊரில் "பம்பிங்" என்று சொல்வது அதைத்தான். நீங்கள் கேள்வியில் அதைச் சொல்லவில்லை. ஆனால் பாதி முடிவு அந்த எண்ணில்தான் இருக்கிறது.

அது 50க்கு மேல் இருந்தால், "பம்பிங் 60 இருக்கு, ஹார்ட் நல்லாத்தான் இருக்கு, மூச்சு வாங்குறது உடம்பு வெயிட்டால" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் அடிக்கடி கேட்டு வருத்தப்படும் வாக்கியம் இது. பம்பிங் சரியாக இருந்தும் இதயம் விறைத்துப் போனதால் வரும் செயலிழப்பு ஒரு தனி வகை. உடல் பருமன் உள்ளவர்களிடம் மிக அதிகம் காணப்படுவதும் அதுதான். மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதைக் கண்டறிய 2018இல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தபோது, பி.எம்.ஐ. 30ஐத் தாண்டுவதற்கே 2 மதிப்பெண் வைத்தார்கள். இதில் ஒரு பொறி உண்டு. இதயச் செயலிழப்பைக் காட்டும் என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவு பருமனானவர்களிடம் இயல்பாகவே குறைவாக இருக்கும். ஆகவே ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளில்லை. எக்கோ படமும் பருமனான நெஞ்சில் தெளிவாக விழாது. சந்தேகம் தீராவிட்டால், இதயத்துக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குழாய் விட்டு அளப்பது வரை போக வேண்டியிருக்கும்.

பம்பிங் 40 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கதை வேறு. அப்போது எல்லாவற்றுக்கும் எடையையே காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது. பருமனானவர் எந்த உபாதையோடு வந்தாலும் எடையைச் சொல்லி முடித்துவிடும் பழக்கம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. 46 வயது, சர்க்கரை, பிரஷர் என்றால் முதலில் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மது, தைராய்டு, கட்டுப்பாடில்லாத துடிப்பு ஆகியவற்றையும் தேட வேண்டும். இந்த வகைக்கு நான்கு விதமான மருந்துகள் உயிரைக் காக்கின்றன. அவற்றைத் தொடங்கி, தாங்கும் அளவுக்கு ஏற்றி, சில மாதம் கழித்து எக்கோவைத் திரும்பப் பார்த்த பிறகே ஆபரேஷன் பற்றிய பேச்சு.

எந்த வகையாக இருந்தாலும் இப்போதே செய்யக்கூடிய ஒன்று: அவருடைய மாத்திரைச் சீட்டை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். சர்க்கரைக் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் பியோகிளிட்டசோன் இருக்கும். அது உடம்பில் நீர் தேக்கும், எடை கூட்டும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஆகாது. பிரஷருக்கான அம்லோடிபின் தன் பங்குக்குக் காலை வீங்க வைக்கும். இருந்தால் மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். எம்பாக்ளிஃப்ளோசின் அல்லது டாபாக்ளிஃப்ளோசின் இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள். பம்பிங் குறைந்தவர்களுக்கும், 2021, 2022 ஆய்வுகளுக்குப் பின் பம்பிங் சரியாக உள்ளவர்களுக்கும், சர்க்கரைக்கும் சேர்த்துப் பயன் தரும் மருந்து அது. இரவில் குறட்டை, பகலில் தூங்கி வழிதல் உண்டென்றால் உறக்கப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது ஆபரேஷனுக்கு வருகிறேன். 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிய இரைப்பை பைபாஸ் இன்று சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுகிறது. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். இதய பைபாஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உறவினர்களிடம் சொல்லும்போது குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று ஸ்லீவ்: இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய் போல ஆக்குவது. இரண்டும் வயிற்றைச் சிறிதாக்குவதால் மட்டும் வேலை செய்வதில்லை. பசியையும் நிறைவையும் ஆளும் குடல் ஹார்மோன்களையே மாற்றுகின்றன. வாயைக் கட்டும்போது உடம்பு செய்யும் எதிர்ப்பு இதனால்தான் இங்கே மட்டுப்படுகிறது.

இதயச் செயலிழப்பு வராமல் தடுப்பதில் இதன் பலன் பற்றிய சான்று வலுவாக இருக்கிறது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் மரணங்கள் குறைந்ததை 2007இல் காட்டியது. 2017இல் அதே நாட்டில், இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட 25,804 பேரையும், தீவிர உணவுமுறைத் திட்டத்தில் சேர்ந்த 13,701 பேரையும் ஒப்பிட்டார்கள். யாருக்கும் தொடக்கத்தில் இதயச் செயலிழப்பு இல்லை. பைபாஸ் குழுவில் அது புதிதாக வந்தது 46 சதவீதம் குறைவு. 2019இல் க்ளீவ்லாண்ட் கிளினிக் வெளியிட்ட முடிவு உங்கள் அண்ணனைப் போல சர்க்கரையும் பருமனும் சேர்ந்தவர்களைப் பற்றியது: ஆபரேஷன் செய்துகொண்ட 2,287 பேரை, அவர்களைப் போன்ற, ஆபரேஷன் செய்யாத 11,435 பேரோடு ஒப்பிட்டபோது இதயச் செயலிழப்பு 62 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆனால் உங்கள் அண்ணனுக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. இங்கே சான்று மெலிந்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை நம்பத்தக்கது 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. இதயச் செயலிழப்போடு எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட 524 பேரை, அவர்களுடைய சொந்தப் பழைய நிலையோடேயே ஒப்பிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டுகளில், ஓர் ஆண்டில் சுமார் 16 சதவீதம் பேர் இதயச் செயலிழப்பு முற்றி அவசர சிகிச்சைக்கு வந்தார்கள் அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் இரண்டாம் ஆண்டில் அது 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. முதல் ஆண்டில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் கவனியுங்கள். பலன் வர நாளாகும். பம்பிங் மிகக் குறைந்தவர்களில் 14 பேரைப் பற்றி 2007இல் வந்த ஒரு சிறு அறிக்கையில், ஆறு மாதத்தில் சராசரி பம்பிங் 23இல் இருந்து 32க்கு உயர்ந்தது. உற்சாகம் தருகிறது, ஆனால் 14 பேர்தான். மேலே சொன்ன ஆபரேஷன் ஆய்வுகள் எதிலும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களைப் பிரிக்கவில்லை. ஆபரேஷனுக்கு வருபவர்கள் பொதுவாக உடலில் சற்றுத் தெம்புள்ளவர்கள், ஊக்கமும் உள்ளவர்கள். அந்த வேறுபாட்டை எந்தக் கணக்கும் முழுதாகக் கழித்துவிடாது. ஆகவே "இதயம் தேறிவிடும்" என்று உறுதி சொல்லும் டாக்டரை விட, "தேற வாய்ப்பு இருக்கிறது, ஆனால்" என்று தொடங்குபவரை நான் நம்புவேன்.

யாராவது உங்களிடம், "இதயச் செயலிழப்பில் குண்டாக இருப்பவர்கள்தான் அதிக நாள் வாழ்கிறார்கள்" என்றும் சொல்லக்கூடும். சில ஆய்வுகளில் அப்படித் தெரிந்தது உண்மை. நோய் முற்றியவர்கள் மெலிந்துபோவதால் மெலிந்தவர்களின் கணக்கு மோசமாகிறது என்பது ஒரு காரணம். பி.எம்.ஐ. கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது என்பது இன்னொன்று. 2023இல் ஒரு பெரிய மருந்து ஆய்வின் தரவை எடுத்து, எடைக்குப் பதில் இடுப்புச் சுற்றளவை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தச் சாதகம் மறைந்துவிட்டது. பி.எம்.ஐ. 44இல் இருக்கும் 46 வயதுக்காரர் அந்த வாதத்தை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது.

ஊசி மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மௌன்ஜாரோ (டிர்செபடைட்) 2025 மார்ச்சிலும் வெகோவி (செமாக்ளூடைட்) ஜூனிலும் இந்தியாவுக்கு வந்த பிறகு எல்லோரும் கேட்கிறார்கள். இங்கேயும் பம்பிங் எண்தான் வழி பிரிக்கிறது. பம்பிங் சரியாக இருந்து, பருமனும் இதயச் செயலிழப்பும் சேர்ந்தவர்களுக்கு நல்ல செய்தி. 2023இல் செமாக்ளூடைட் 529 பேரிடம் சோதிக்கப்பட்டது. ஓர் ஆண்டில் எடை 13 சதவீதம் இறங்கியது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடியது. மூச்சுத் திணறலும் களைப்பும் தெளிவாகக் குறைந்தன. 2024இல் டிர்செபடைட் 731 பேரிடம், இதயநோய் மரணம் அல்லது நோய் முற்றுதல் என்ற கூட்டுக் கணக்கை 38 சதவீதம் குறைத்தது. அதிலும் நோய் முற்றுவது குறைந்ததே பெரும்பங்கு. இந்த இரண்டும் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகள். அந்த வகையில் ஆபரேஷனை விட இவற்றின் சான்று உறுதியானது. ஆனால் பம்பிங் குறைந்து, அண்மையில் ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்தவர்களிடம் இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளூடைட் 2016இல் சோதிக்கப்பட்டபோது பயன் தரவில்லை. தீமை இருக்கலாம் என்ற கவலையையும் எழுப்பியது. பம்பிங் குறைந்தவருக்கு இந்த ஊசியை இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதால், காலமெல்லாம் செலவு என்ற கணக்கும் உண்டு.

என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் அண்ணனுக்குப் பம்பிங் சரியாக இருந்தால், மருந்தோடு ஊசியை முதலில் முயன்று பார்த்து, போதாவிட்டால் ஆபரேஷன் என்று போகலாம்; சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் இருந்தால் ஆபரேஷனை முன்னுக்குக் கொண்டுவரலாம். பம்பிங் குறைவாக இருந்தால், மருந்து, மறு எக்கோ, அதன் பிறகு ஆபரேஷன். இதயம் மிகவும் தளர்ந்து மாற்று இதயம் தேவைப்படும் நிலையில்கூட எடைக்கு இடம் உண்டு. பி.எம்.ஐ. 35க்கு மேல் இருப்பவர்களை அதற்குக் கீழே இறக்கிய பிறகே மாற்று இதயப் பட்டியலில் சேர்க்க 2016 சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. அப்படிச் சிலருக்கு இதய உதவிக் கருவி பொருத்திய நிலையிலேயே ஸ்லீவ் செய்திருக்கிறார்கள்.

எங்கே செய்வது என்பது எந்த ஆபரேஷன் என்பதை விட முக்கியம். வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பிச் செய்யும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், இதயம் தள்ள வேண்டிய எதிர்ப்பு கூடும். நல்ல இதயம் தாங்கிக்கொள்ளும். விறைத்த அல்லது தளர்ந்த இதயத்துக்கு, நொடிக்கு நொடி கவனிக்கும் இதய மயக்கவியல் நிபுணர் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவும் இதயப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இல்லாத இடத்தில், எவ்வளவு சலுகை விலையில் செய்தாலும், உங்கள் அண்ணனுக்குச் செய்யாதீர்கள். ஸ்லீவ் நேரம் குறைவு, மருந்து உறிஞ்சப்படுவதையும் அதிகம் மாற்றாது. கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு பைபாஸ் பொருத்தம். அதை அறுவை மருத்துவரிடம் விட்டுவிடலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மூன்று மாதத்தைப் பற்றி.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குத் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லித் தருகிறோம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். ஆபரேஷனுக்குப் பிறகு இந்தக் காவல் செயலிழந்துவிடும். கொழுப்பு கரைந்து எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே இரண்டு கிலோ நீர் சேர்ந்தாலும் தராசு ஏறாது. வீட்டில் எல்லோரும் எடை குறைகிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். ஆகவே கணுக்காலை அழுத்திப் பாருங்கள். படுக்க எத்தனை தலையணை தேவைப்படுகிறது என்று கவனியுங்கள். இரவில் இருமலோடு எழுந்து உட்கார்கிறாரா என்று பாருங்கள்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. கஞ்சி, மோர் என்று சிறிது சிறிதாகக் குடிக்கும் நாட்களில் பழைய அளவு நீர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டால் தலைசுற்றி விழுவார், சிறுநீரகம் அடிபடும். அளவைக் குறைப்பது யார், எப்போது என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே எழுதி வாங்குங்கள். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் இரண்டையும் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நன்றாகச் சாப்பிடத் தொடங்கும் முன் திரும்ப ஆரம்பித்தால், சர்க்கரை அதிகம் இல்லாமலே ரத்தம் அமிலமாகும் அபாயம் இருக்கிறது. வலி மாத்திரை வேண்டுமென்றால் பாரசிட்டமால் மட்டும். டைக்லோஃபினாக் வகை மாத்திரைகள் தைத்த இடத்தில் புண் ஆக்கும், உடம்பில் நீர் தேக்கி இதயத்துக்கும் சுமையாகும்.

எல்லாவற்றையும் விட இதை நினைவில் வையுங்கள்: அவர் தொடர்ந்து வாந்தி எடுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. தயமின் என்ற வைட்டமின் பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். வாந்தியும் குறைந்த சாப்பாடும் அதைத் தீர்த்துவிடும். நீர் மாத்திரையும் சிறுநீரோடு அதை வெளியேற்றும். பி1 தீர்ந்தால் மூளை பாதிக்கப்படும். அதோடு, அதன் குறைவே இதயச் செயலிழப்பை உண்டாக்கும். காலும் வீங்கும், மூச்சும் வாங்கும். பழைய நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்து நீர் மாத்திரையைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன் தயமின் ஊசி போட வேண்டும். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு இவர் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர் என்று தெரிந்திருக்காது. நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். பி12, இரும்பு, வைட்டமின் டி மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுதும் தொடரும்.

கடைசியாகச் செலவு. எடைக் குறைப்பு ஆபரேஷன் அழகு சிகிச்சை, இன்ஷூரன்ஸ் வராது என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதி வேறு மாதிரி சொல்கிறது: 18 வயது நிறைந்து, மருத்துவர் பரிந்துரையோடு, பி.எம்.ஐ. 40ஐ எட்டினாலோ, அல்லது 35ஐ எட்டி மற்ற முறைகள் பலிக்காமல், பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான உறக்க மூச்சுத் தடை, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலோ, அந்த ஆபரேஷனை விலக்குப் பட்டியலைக் காட்டி மறுக்க முடியாது. காத்திருப்புக் காலம், முன்பே இருந்த நோய் பற்றிய நிபந்தனைகள் பாலிசிக்குப் பாலிசி மாறும். அதைப் படித்துப் பாருங்கள். விண்ணப்பிக்கும்போது இதய மருத்துவரின் கடிதத்தில் உயரம், எடை, பி.எம்.ஐ., எக்கோ எண், இதுவரை முயன்ற எடைக் குறைப்பு முறைகள், உறக்கப் பரிசோதனை முடிவு எல்லாம் தேதியோடு இருக்கட்டும். பருமன் என்று ஒரே சொல்லில் எழுதிய கடிதம்தான் முதலில் திரும்பி வரும்.